ஆவுடையம்மாள் வாயில் இருந்த பேர்

எங்க பொட்டல்நத்தத்துல முதமுதல்ல தேய்ஞ்சுபோனது சாமி பேருதான். சித்திரைக் கொடை அன்னைக்கு மேளம் உச்சத்துல நிக்க, பூசாரி கையில தீபத்தோட பீடத்துக்கு முன்னால நின்னு, அவரு அப்பனும் பாட்டனும் கூப்பிட்ட மாதிரியே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு பாருங்க, வெறும் காத்துதான் வந்துச்சு. மறுபடி கூப்பிட்டாரு, மறுபடியும் காத்து. மனுசன் காலையிலேருந்து விரதம், தொண்டை வறண்டிருக்கும்னு ஒரு செம்புத் தண்ணி கொடுத்தோம், குடிச்சிட்டுக் கூப்பிட்டாரு, அப்பவும் அதே கதை. கூட்டத்துல நின்ன நாங்க ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பார்த்தோம், ஒருத்தர் வாயிலயும் வரல. நெஞ்சுல பேர் இருக்கு, கோயில் சுவர்ல பச்சைப் பெயின்டுல கொட்டை எழுத்துல இருக்கு, வாயில மட்டும் இல்ல.

சாமியாடி மேல வழக்கமா "இன்னார் வந்திருக்கேன்டா"ன்னு பேர் சொல்லி இறங்குற சாமி, அந்த வருசம் கொஞ்சம் தயங்கி, "நாந்தான் வந்திருக்கேன்"னு மட்டும் சொல்லுச்சு. நீரு யாருன்னு எங்களுக்குத் தெரியாதா, உக்காரும்னு பெரியாள்க சொல்லி, கெடா வெட்டி, பொங்கல் வெச்சு, கொடையைக் குறையில்லாம முடிச்சு அனுப்பி வெச்சாங்க. சாமியும் ஒண்ணும் கோவிச்சுக்கல.

யோசிச்சுப் பார்த்தா அது போனதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. எங்க ஊர்ல மூத்த ஆம்பளைப் பிள்ளைன்னா சாமி பேருதான் வெக்கணும், வெக்கலேன்னா பிள்ளைக்கு ஆகாதுன்னு ஒரு பேச்சு. அதனால தெருவுல நின்னு ஒருத்தனைக் கூப்பிட்டா ஒம்பது பேர் திரும்புவான். கூப்பிடுறதும் அந்தப் பேரை வெச்சு, ஏசுறதும் அந்தப் பேரை வெச்சு, பொய்ச் சத்தியம் பண்றதும் அதே பேரை வெச்சுத்தான். ஒரு சோப்புக்கட்டியை ஊரே போட்டுக் குளிச்சா அது எம்புட்டு நாளைக்கு வரும்?

சாமி பேரோட நிக்கும்னு பார்த்தா, நிக்கல. ஒவ்வொரு பேரா தேய ஆரம்பிச்சுது. கூப்பிடக் கூப்பிட முதல்ல கடைசி எழுத்து மங்கும், அப்புறம் நடுவுல ஓட்டை விழும், அப்புறம் ஒரு நாள் வாயைத் திறந்தா காத்துதான். ஒரு வாய்க்கு ஒரு பேர் இத்தனை தடவைன்னு யாரோ அளந்து வெச்சிருக்கான்போல, அதிகமா கூப்பிட்டவன் வாயில சீக்கிரம் தீர்ந்துச்சு. பிள்ளைகளைச் சதா பேர் சொல்லி வைதுக்கிட்டே இருந்த தாய்மார்கள் வாயில ஐப்பசிக்குள்ள காலி. வெளியூர்க்காரங்க வாயில எல்லாப் பேரும் நல்லாத்தான் வந்துச்சு, சங்கரன்கோவில்லேருந்து பஸ்ல வர்ற டீச்சரம்மா கணீர்னு பேர் வாசிப்பா, ஆனா பிள்ளைக யாரையோ கூப்பிடுதாங்கன்னு அதுக பாட்டுக்கு உக்காந்திருக்கும். நம்மளை அறிஞ்சவங்க கூப்பிட்டாத்தான் அது பேரு, மத்தவன் வாசிச்சா வெறும் எழுத்துன்னு அப்பதான் எங்களுக்குப் புரிஞ்சுது.

ஊர் கூடிப் பேசுனோம். பேர் போச்சுன்னு காடு விதைக்காம இருக்க முடியுமா, மாடு கறக்காம இருக்க முடியுமா? இருக்கிற பேரைச் சிக்கனமா வெச்சுக்கிடணும், அவசரத்துக்கு மட்டும் கூப்பிடணும், மத்த நேரம் சித்தி, மாமா, கோணக்கால் வீட்டாரு, கிணத்தடி மச்சான்னு முறையையும் அடையாளத்தையும் வெச்சு ஓட்டிக்கிடணும்னு முடிவாச்சு. மாடசாமியோ முனியசாமியோ, இப்படி நல்ல கனமான பேர் வெச்சவன் எல்லாம் பேரில்லாமத் திரிஞ்சப்ப, ஒண்ணு ரெண்டு பிள்ளை செத்த வீட்டுல அடுத்ததாவது தங்கட்டும், எமன் அருவருத்துப் போகட்டும்னு வெச்ச குப்பை, பிச்சை, அமாவாசைங்கிற பேரெல்லாம் மட்டும் தேயாம நின்னுச்சு. முரட்டுத் துணி கிழியுமா? காலம் பூரா தன் பேரைச் சொல்லக் கூச்சப்பட்ட குப்பை மாமா, அந்த வருசம் மீசையை முறுக்கிக்கிட்டு பஜார்ல நடந்த நடையை நீங்க பார்த்திருக்கணும். பட்டணத்துல இருக்கிற மகன்மார் பிள்ளைகளுக்கு டிவியில கேட்டு, அர்த்தம் என்னன்னு அவங்களுக்கே தெரியாம, இஷ்ஷு புஷ்ஷுன்னு முடியுற மாதிரி வெச்ச பேரெல்லாம் ஒரு கோடை லீவுக்குக் கூடத் தாங்கல.

பொம்பளைக பேர் மட்டும் பொட்டிக்குள்ள வெச்ச பட்டு மாதிரி புத்தம்புதுசா இருந்துச்சு. இருக்காதா பின்னே? எவன் கூப்பிட்டான்? கல்யாணத்துக்கு முன்னால இன்னார் மக, அப்புறம் இன்னார் சம்சாரம், அப்புறம் இன்னார் அம்மை. எங்க அத்தைக்கு உலகம்மைன்னு ஒரு பேர் இருக்குன்னே எனக்கு அந்த வருசம்தான் தெரியும்.

அதோட இன்னொண்ணும் வெளிய வந்துச்சு. புருசன் பேரைப் பெண்டாட்டி சொன்னா அவன் ஆயுசு குறையும்னு எங்க பக்கத்துல எந்தப் பொம்பளையும் அதைச் சொல்றதில்ல. "ஏங்க"ன்னு கூப்பிடுவோம், "இந்தாங்க"ன்னு கூப்பிடுவோம், ரேசன் கடையில கேட்டா பக்கத்துல நிக்கிறவளை இடிச்சு "நீ சொல்லு"ம்போம். அப்போ ஊர்ல அத்தனை ஆம்பளை பேரும், அவனவன் பெண்டாட்டி வாயில, ஒரு தடவை கூட எடுக்காம முழுசா இருக்குன்னு அர்த்தம்தானே? இதை முதல்ல கண்டுபிடிச்சது டீக்கடைக்காரரு. குடலிறக்கத்துக்கு டவுன் ஆசுபத்திரிக்குப் போன இடத்துல, சீட்டு எழுதுற பொண்ணு பேர் கேட்க, இவரு காத்தா ஊத, வேற வழியில்லாம அவரு சம்சாரம் சுவரைப் பார்த்துத் திரும்பி, முந்தானையால வாயை மூடிக்கிட்டுப் புருசன் பேரைச் சொல்லிட்டா. மனுசன் அந்த இடத்துலயே தேம்பித் தேம்பி அழுது, வலியே போயிருச்சு ஆபரேசன் வேண்டாம்னாராம். ஆனாலும் ஆபரேசன் நடந்துச்சு. ஆயுசும் குறையல, திரும்பி வந்து முன்னைக்கு இப்போ தொந்திதான் கூடுச்சு.

அதுக்கப்புறம் கேட்கணுமா? ஆம்பளைக எல்லாம் பெண்டாட்டிமாரு பின்னாலயே சுத்துனாங்க. அயிரை மீன் வாங்கிட்டு வந்தாத்தான் கூப்பிடுவேன்னு ஒருத்தி, எங்க அம்மை வீட்டுக்கு அனுப்புனாத்தான்னு ஒருத்தி. எதிர்வீட்டுக்காரி கல்யாணமான நாள்லேருந்து சேர்த்து வெச்ச ஆத்திரத்தை எல்லாம் அவன் பேரைச் சொல்லியே திட்டித் திட்டி ஒரே வாரத்துல காலி பண்ணிட்டா. நானும் எங்க வீட்டுல ஒரு நாள், கூச்சத்தை விட்டு, அவரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "யாரை?"ன்னாரு. அதோட விட்டேன்.

சொல்லவே மாட்டேன்னு நின்னது ஒருத்திதான். வயர்மேன் சம்சாரம் ஆவுடையம்மாள்.

பேர் தேய்ஞ்சப்புறம் வயர்மேனை நான் அண்ணாச்சின்னுதான் சொல்லுவேன். ஊர்ல சாமி பேருக்கு அடுத்தபடியா தேய்ஞ்சது அவரு பேர்தான். கரண்டு போனா சாமியைக் கூப்பிடுறதுக்கு முன்னால அவரைத்தானே கூப்பிடுவோம்? மோட்டார் ஓடலேன்னா அவரு, பீஸ் போச்சுன்னா அவரு, ராத்திரி காத்தாடி நின்னா அவரு. மாவு மில் வெச்சிருக்கிற நான் கூப்பிட்டதே ஊர்ல பாதி இருக்கும். அவரு வாயிலயும் அது இல்ல. லைன்ல கை வெக்கிறதுக்கு முன்னால சப்ஸ்டேசனுக்குப் போன் போட்டு, நான் இன்னார் பேசுதேன், லைனை நிறுத்துங்கன்னு பேர் சொல்லிக் கேட்டுத்தான் ஏறணும். சர்வீஸ் பூரா அப்படிச் சொல்லிச் சொல்லி, எங்க எல்லாருக்கும் முன்னால அவரு வாயிலயே தீர்ந்துபோச்சு. அப்புறம் "நாந்தான்"னுதான் சொல்லுவாரு.

பிள்ளைக கிடையாது. இருந்திருந்தா பேரனுக்குத் தாத்தா பேரை வெச்சிருப்பாங்க, தேய்ஞ்ச பேரா இருந்தாலும் வீட்டுக்குள்ளயாவது இருந்திருக்கும். பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லையேன்னு சாதாரணமா எல்லாரும் சொல்ற சொல்தான், அவரு விசயத்துல அது அப்படியே நின்னு முகத்துல அறைஞ்சுது. வயர்மேன், வயர்மேன்னு கூப்பிடுவோம், வருவாரு, வேலையை முடிப்பாரு. ரிட்டையர் ஆனாரு, புது ஆள் வந்தான், அவனும் வயர்மேன். தெருவுல நாங்க வயர்மேன்னு கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பார்ப்பாங்க, அப்புறம் கொஞ்ச நாள்ல அந்தப் பையன் மட்டும்தான் திரும்புனான். அண்ணாச்சி குனிஞ்ச தலை நிமிராமப் போயிடுவாரு. எனக்குச் சங்கடமா இருக்கும்.

ஆவுடையம்மாள் மதினிகிட்ட அவரு கேட்டது எனக்குத் தெரியும், ஏன்னா எனக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கிறது ஒத்தைச் செங்கல் சுவரு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைன்னு கேட்பாரு. ஏளா, எங்க அம்மை எனக்கு முன்னால ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்துட்டு, கூரையே வேண்டாம்னு பொட்டல்ல நிக்கிற அம்மன்கிட்ட என்னைக் கொண்டுபோய், உச்சிப்பொழுதுல அந்தக் கல்லுமேல போட்டாளாம், நான் அழாமச் சிரிச்சேனாம், அதைப் பார்த்து வெச்ச பேர்டி அது, இப்போ அதைச் சொல்ல உலகத்துல ஒருத்தியும் இல்லையேன்னு கேட்பாரு. மதினி பாத்திரத்தை உருட்டுவா.

நானும் ஒரு நாள் மில்லுல வெச்சு அவளைப் பிடிச்சுக் கேட்டேன். என்ன மதினி இது, ஊர்ல எல்லாவளும் சொல்லியாச்சு, எவன் செத்தான், அந்த டீக்கடைத் தொந்தியைப் பாருங்க, நீங்க மட்டும் என்ன பெரிய பத்தினியான்னு வாய் துடுக்காக் கேட்டுட்டேன். அவ அரிசிமாவைச் சலிச்சுக்கிட்டே, அவங்க அம்மை கதையைச் சொன்னா. இவளுக்கு விவரம் தெரிஞ்ச வயசு. ஏதோ ஆட்டுக்குட்டி வித்த சண்டையில, அவங்க அம்மை நடுத்தெருவுல நின்னு, கோவத்துல, புருசனைப் பேர் சொல்லிக் கத்திட்டா. அந்தாளு அரிவாளை எடுத்துக்கிட்டுப் பனையேறப் போனாரு. பொழுது சாயுமுன்னே கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க.

"டீக்கடைக்காரருக்கு ஒண்ணும் ஆகலை, சரி. இவருக்கு ஆயிட்டா நான் யாருகிட்டப் போய்க் கேட்பேன்?"னா. "அவருக்குப் பேர் வேணும். எனக்கு ஆளு வேணும்."

நான் மாவைக் கட்டிக் கொடுத்தேன். இதை அவ அவருகிட்டயும் சொல்லியிருப்பாபோல, அண்ணாச்சி அதுக்கப்புறம் கேட்கிறதை விட்டுட்டாரு. ஆனா சில நாள் அவ அடுப்படியில நிக்கும்போது, இவரு வாசல்ல உக்காந்து அவ வாயையே பார்த்துக்கிட்டிருப்பாரு. பசிச்சவன் இட்லிச் சட்டியைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அப்படியே வருசம் ஓடுச்சு. போன மாசிக்கு முந்துன மாசியில அண்ணாச்சிக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோச்சு. டவுனுக்குக் கொண்டுபோனோம், பார்த்தாங்க, வீட்டுல வெச்சுப் பாருங்கன்னுட்டாங்க. ஆகாரம் நின்னுச்சு, பேச்சு நின்னுச்சு, கண்ணு திறக்கல, உசிரு மட்டும் போகாம இழுத்துக்கிட்டே கிடந்துச்சு. தொண்டைக்குழியில கரகரன்னு ஒரு சத்தம். இன்னைக்குப் போயிரும், நாளைக்குப் போயிரும்னு ஊரே மாத்தி மாத்தி வந்து உக்காந்துச்சு. கட்டில்ல கிடந்த முதுகெல்லாம் புண்ணாப்போச்சு. மதினி அந்தப் புண்ணைத் துடைக்கும்போது மட்டும் அவரு முகம் கோணும். அதைப் பார்க்க முடியாம நான் எத்தனையோ தடவை எந்திரிச்சு வந்திருக்கேன்.

உசிரு இப்படி இழுத்தா ஏதோ ஆசை நிக்குன்னு அர்த்தம், அதைத் தீர்த்து அனுப்பணும். பால் ஊத்துனாங்க, போகல. மண்ணாசையா இருக்கும்னு அவரு அப்பன் புஞ்சை மண்ணைக் கரைச்சு ஊத்துனாங்க, போகல. பொன்னாசையோன்னு மதினி தோட்டைக் கழத்தி உரசி ஊத்துனா, போகல. அந்தச் சின்ன வயர்மேன் பையன், அண்ணாச்சி பழைய பிளையரைக் கழுவி ஒரு சொட்டு ஊத்திப் பார்ப்போமான்னான், அதையும் செஞ்சோம், போகல. இதெல்லாம் நாங்க சும்மா செஞ்சது. அவருக்கு என்ன ஆசைன்னு அந்த வீட்டுல உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும், யாரும் மதினி முகத்தைப் பார்க்கல, அவ்வளவுதான்.

கடைசியில குப்பை மாமாதான் தொண்டையைச் செருமிக்கிட்டு வாயைத் திறந்தாரு. அங்க உக்காந்திருந்த ஆம்பளைகள்ல அவரு ஒருத்தர்தான் இன்னும் முழுப் பேரோட இருக்கிறவரு, அந்தக் கூச்சம் அவருக்கு இருந்துச்சு.

"தாயி, அந்தப் பேரைச் சொல்லிரு."

"சொன்னா போயிருவாரு மாமா"ன்னா மதினி.

"அதுக்குத்தான் தாயி."

மதினி அண்ணாச்சி காலைப் பிடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா. இத்தனை வருசமா எதுக்குப் பயந்து வாயைக் கட்டினாளோ, அதையே இப்போ அவ கையால செய்யச் சொல்றோம். எனக்கு அந்த மாமாவை அறையணும்போல வந்துச்சு, அதே நேரம் அவரு சொன்னது சரின்னும் இருந்துச்சு. அப்புறம் அவ எந்திரிச்சுப் போய் முகத்தைக் கழுவி, வாயைக் கொப்புளிச்சு, தலையை அள்ளி முடிஞ்சுக்கிட்டு வந்து, கட்டிலை வெளிய தூக்கிப் போடுங்கன்னா. நல்ல உச்சிப்பொழுது, முத்தத்துல கால் வெக்க முடியாது, வெயில் இந்தப் போடு போடுதே, இந்த உடம்பு தாங்குமான்னு கேட்டாங்க.

"அவருக்கு வெயில் ஒண்ணும் செய்யாது, தூக்குங்க"ன்னா.

தூக்கிப் போட்டோம். தலைமாட்டுல உக்காந்தா. அழல. காதுல ரகசியமாச் சொல்லுவா, நாங்க கொஞ்சம் தள்ளி நிப்போம்னு பின்வாங்குனோம். அவ ரகசியமெல்லாம் சொல்லல. சோத்தைப் போட்டு வெச்சிட்டு, தோட்டத்துல நிக்கிற மனுசனைச் சாப்பிடக் கூப்பிடுற குரல்ல, தெருவுக்கே கேட்கிற மாதிரி, முழுசா, ஒரு எழுத்துக் குறையாமக் கூப்பிட்டா.

"வெயிலுகந்தான்."

அண்ணாச்சி கண்ணைத் திறந்தாரு. ஆகாரமும் பேச்சும் நின்னு எவ்வளவோ நாளாச்சு, அந்த வாய் கோணாம, திக்காம, தினமும் கூப்பிடுறவளுக்குப் பதில் சொல்ற மாதிரி சாவகாசமா,

"என்னளா?"ன்னாரு.

அவ்வளவுதான். திறந்த கண்ணு அவ மேலயே இருந்துச்சு, தொண்டையில இருந்த சத்தம் நின்னுபோச்சு. மதினி இன்னொரு தடவை கூப்பிட்டா. பதில் இல்ல. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு, அந்த அழுகையை நான் இங்க சொல்ல மாட்டேன்.

அந்த ஒத்தை விளி காதுல விழுந்த எங்க எல்லார் வாயிலயும் அந்தப் பேர் திரும்பி வந்துச்சு, ஒரே ஒரு தடவைக்கு. முதல்ல அந்தச் சின்ன வயர்மேன் பையன் அறியாமச் சொல்லிட்டு வாயைப் பொத்துனான். அப்புறம் ஊரே அண்ணாச்சியைப் பேர் சொல்லி அழுதுச்சு, ஆளுக்கொரு தடவை, பாடைத் தேருக்குக் கீழ நின்னு, சுடுகாட்டுப் பாதையில நின்னு. சாமி பேரே இல்லாத ஊர்ல அன்னைக்குப் பேரோட போனவரு அவரு ஒருத்தர்தான். நான் மட்டும் அன்னைக்குச் சொல்லல. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ச்சவ இவதான், இன்னைக்கு வாயைத் திறக்காளா பாருன்னு எதிர்வீட்டுக்காரி கூடப் பேசினா. பேசட்டும். என் பங்கு ஒண்ணை, அவரை அறியாத யாருகிட்டயாவது அவரு கதையைச் சொல்லும்போது சொல்லணும்னு வெச்சிருந்தேன். இப்போ உங்ககிட்டச் சொல்லியாச்சு, இனிமே என் வாயில இல்ல.

கருமாதி எல்லாம் முடிஞ்சு, மதினி பழையபடி மில்லுக்கு அரிசி கொண்டுவர ஆரம்பிச்சப்ப, மனசு கேட்காம ஒரு நாள் கேட்டேன். ரெண்டு தடவைதானே சொன்னீங்க, மிச்சமெல்லாம் உங்க வாயில அப்படியே இருக்கும்லா, இனிமே ஆயுசு குறையும்னு பயமும் இல்ல, ஆசை தீரக் கூப்பிட வேண்டியதுதானே மதினின்னேன்.

அவ மாவு சூடு ஆறட்டும்னு கையால கிளறிக்கிட்டே இருந்தா.

"இருக்கு, நிறைய இருக்கு"ன்னா. "கூப்பிட்டா 'என்னளா'ன்னு கேட்க யாரு இருக்கா?"